வெடிப்புக்குள்ளே வெள்ளை

கோடு கோடாத்தான் இறங்குது. மேலேருந்து ஒரு கோடு, அதுக்குக் கீழே இன்னொரு கோடு, திரையில முக்கால்வாசி இன்னும் கறுப்பாவே கெடக்கு. பார்த்துக்கிட்டே இருந்தா சீக்கிரம் இறங்கிடுமா என்ன, ரிடையர் ஆகப்போற வயசுலயும் உனக்குப் பொறுமை வரலேன்னா எப்பதான் வரும் வசுமதி, சும்மா உட்காரு. மிஷினைப் பார்த்துக்கிற சுகந்தா சாப்பிடப் போயிட்டா. "முடிய நேரமாகும் மேடம், நீங்களும் வாங்களேன், இன்னிக்குக் கேன்டீன்ல வத்தக்குழம்பு"ன்னு ரெண்டு தரம் கூப்பிட்டா. எனக்கு எங்கே தொண்டைக்குள்ள இறங்கும். உள்ளே காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்த அந்தச் சின்ன அறைக்குள்ள என் கல்லு இருக்கு, கல்லுன்னா கல்லு இல்ல, கல்லோட சீவல், அப்பளத்தை விட மெல்லிசு. அது மேல எலெக்ட்ரான் கத்தை ஊர்ந்து போகுது, எங்கெங்கே டைட்டானியம் இருக்கோ அங்கங்கே திரையில ஒரு ஆரஞ்சுப் புள்ளி விழும். இதுவரைக்கும் ஒண்ணும் விழலை. விழும். நேத்து அதே இடத்துல ஒரே ஒரு புள்ளியைக் குறி வச்சு அடிச்சப்ப வந்துச்சே, கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன், மூணும் கைகோத்து. மூணும் சேர்ந்து ஒரே தாதுவா இருந்தா அதுக்குப் பேரு பெரோவ்ஸ்கைட். சூரியனைச் சுத்தி வெறும் புகையும் தூசியுமா இருந்த காலத்துல, பூமின்னு ஒண்ணு உண்டாகிறதுக்கு எவ்வளவோ முன்னாடி, முதல் முதலா உறைஞ்சு கெட்டியான சாமான்கள்ல அதுவும் ஒண்ணு. நானூத்தம்பத்தாறு கோடி வருஷம். வானத்துலேருந்து விழுந்த இந்த ஒரு கல்லுக்குள்ள அது இருக்குன்னு என் கூட வேலை பார்த்த பியூலா அன்னிக்கே சொன்னா, ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. நேத்து சாயங்காலம் நான் அவளுக்கு போன் பண்ணிட்டேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், முழுசா முடிச்சுட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனா எப்படி இருக்க முடியும், யார்கிட்ட வேற சொல்றது. இப்ப பாளையங்கோட்டையில ஒருத்தி தலைமாட்டுல போனை வச்சுக்கிட்டுப் படுத்திருக்கா, நான் இங்கே இந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

இந்த வாரத்தோட என் சர்வீஸ் முடியுது, மிஷினும் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் எனக்கு. அதனாலதான் பயம். இன்னிக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா, பச்சை கால்சியத்துக்கு, ரெண்டும் ஒரே இடத்துல விழுந்தா, கட்டுரையில பியூலா பேரு முதல்ல வரும், என் பேரு பின்னாடி, அவ படுக்கையிலேயே அதைப் படிப்பா. விழலேன்னா? விழும்னேன்ல. அந்தக் கல்லை எடுத்துட்டு வரப் போன அன்னிக்கே அவளுக்குத் தெரியும்னுவா. கீழப்புலியூர்ல ரைஸ் மில்லு களம், நெல்லு காயப்போட்டிருந்த இடத்துல பட்டப்பகல்ல விழுந்த கல்லு. டிபார்ட்மெண்ட் ஜீப்புல நானும் அவளும், கதவு சரியா மூடாது, வழி பூரா நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன், அவ பாட்டுக்குப் பனங்கிழங்கை உரிச்சுத் தின்னுக்கிட்டே வர்றா. போய்ப் பார்த்தா கல்லு மில்லு ஆபீஸ் ரூம்ல, சாமி படத்துக்குக் கீழே, மஞ்சள், குங்குமம், விபூதிப் பட்டை, மேல ஒரு செம்பருத்தி. மில்லுக்கார அம்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. "வானத்துலேருந்து வந்ததும்மா, சும்மா தூக்கிக் குடுத்துட முடியுமா?" நான் சட்டம், ரூல்னு ஆரம்பிச்சேன், எனக்கு வாய் அப்படித்தான். பியூலா என் காலை மிதிச்சுட்டு, செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு வந்து, கல்லு முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. "கொள்ளாமே, ஜம்முனு இருக்காரே"ன்னா. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எங்க வீட்டுலயும் பத்திரமா வச்சுப் பார்த்துக்கிடுவோம்மா, நீங்க எப்ப வேணாலும் வந்து பார்க்கலாம்"னா. அவ்வளவுதான், கல்லு கைக்கு வந்துடுச்சு, கூடவே ஒரு பை நெறைய பச்சரிசியும். திரும்பி வர்ற வழியெல்லாம் கல்லை மடியில வச்சுக்கிட்டு, துண்டு போட்டு மூடிக்கிட்டு வந்தா, "தூங்குதான், சத்தம் போடாத"ங்கறா என்னை. ஐயோ, அந்தச் சிரிப்பு. ஜீப்பு குலுங்கினதுல வயிறு வலிச்சதா, சிரிச்சதுல வலிச்சதான்னு தெரியலை. இப்ப நெனச்சாலும் எனக்கு வலிக்குது.

விபூதி. இரு. விபூதியில கால்சியம் உண்டே. கழுவிக் கழுவித்தான் வச்சோம், ஆனா வெடிப்புக்குள்ள போனது போகுமா? அட, விபூதியில டைட்டானியத்துக்கு எங்கே போறது. சாணியைச் சுட்ட சாம்பல்ல இவ்வளவு டைட்டானியம் வராது. நேத்து கிராஃபுல வந்த உசரத்துக்கு வரவே வராது. பைத்தியம் மாதிரி யோசிக்காதே. அதோ, ஒரு ஆரஞ்சுப் புள்ளி. ஒத்தை. அது வெறும் இல்மனைட்டா இருக்கும், இரும்பும் டைட்டானியமும், இந்த மாதிரி கல்லுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருக்கும், கடற்கரையில கறுப்பு மணலா கெடக்குதே அதேதான். ஒரு தரம் மணப்பாடு கடற்கரைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனா. அவங்க வீட்டாளுங்கல்லாம் குருசு மலைக்கு ஏறிப் போயிட்டாங்க, இவ மட்டும் கைப்பையிலேருந்து ஒரு பெரிய காந்தத்தை எடுக்கறா. ஊருக்குப் போகும்போது யாராவது காந்தம் கொண்டு போவாங்களா. மணல்ல ஓட்டுனா, கறுப்பு மணலு மீசை மாதிரி ஒட்டிக்கிச்சு. அதை மூக்குக்குக் கீழே வச்சுக்கிட்டு "ஏட்டி வசு, நம்ம புரொபசர் எப்படி?"ன்னு கேட்டா. புரொபசர் சந்தானகோபாலன் சாருக்கு அப்படியே அந்த மீசைதான். அவர் செத்துப்போய் வருஷக்கணக்காச்சு, இன்னும் அவர்னா எனக்கு அந்த மணல் மீசைதான் ஞாபகத்துக்கு வருது. நல்லா வேணும் அவருக்கு.

நல்லா வேணும்னா வேணும்தான். பியூலா லென்ஸை வச்சுப் பார்த்துட்டு, உடைஞ்ச மூலையில வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது சார், முதல் முதல்ல உறைஞ்ச சாமானா இருக்கலாம், ஒரு சீவல் வெட்டிப் பார்ப்போம்னா. அவர் கண்ணாடியைக் கூடக் கழட்டலை. "சாதாரணக் கல்லு, இருக்கறதே கையளவு, அதை வேற வெட்டணுமா? கல்லுங்களுக்கு நம்பர் போட்டு அடுக்கி வைங்க பியூலா, அது போதும்"னார். அவளும் என்னை மாதிரியே பி.எச்.டி. முடிச்சவதான். எனக்கு ரத்தம் கொதிச்சுது, அவ கல்லைத் துண்டுல சுத்திக்கிட்டு வெளிய வந்துட்டா. ரூமுக்கு வந்தா, அந்த ரூமு, ரெண்டு மேஜை, ஒரே ஃபேன், மழை பெய்ஞ்சா பீரோ மேல ஒழுகும், அதுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் வாளி. அவ டப்பாவுல புளிச்சோறும் கருவாட்டுப் பொரியலும், என் டப்பாவுல எப்பப் பார்த்தாலும் கீரை, மூடியைத் திறந்ததும் ஒரு வார்த்தை பேசாம டப்பாவை மாத்திக்குவோம். அன்னிக்கும் மாத்திக்கிட்டோம். சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு வந்து பிரஷ்ஷை எடுத்தா. வழக்கமா அப்படித்தான் செய்வோம். கல்லு மேல வெள்ளையா ஒரு பொட்டு வச்சு, காய்ஞ்சதும் அதுல கறுப்பு மையால நம்பர், மேல நெயில் பாலிஷ், அழியாம இருக்க. நெயில் பாலிஷை நான்தான் வாங்கணும், அவங்க வீட்டுல அதெல்லாம் போடக் கூடாது. எல்லாக் கல்லுக்கும் அடியில வைப்பா பொட்டை. இதுக்கு மட்டும் அந்த உடைஞ்ச மூலையில, வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்துல வச்சா. ஏண்டி இங்கேன்னேன். "அடையாளம். என்னிக்காவது ஒருநா வெட்டுவோம்லா, அப்பத் தேட வேண்டாம்." எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், அவ்வளவு பொடி. அதுலயும் ஏழுக்கு மட்டும் ஒரு வாலு. எத்தனை தரம் கிண்டல் பண்ணியிருப்பேன், மாத்திக்கவே இல்ல.

பாதி இறங்கிடுச்சு. வெடிப்பு வருது, திரையில கோணல் மாணலா ஒரு கறுப்புக் கோடு. அதை ஒட்டித்தான் நேத்து வந்த இடம். அவ பார்த்த வெள்ளைப் புள்ளி நேத்துக் காலையிலேயே காலை வாரிடுச்சு. வெறும் பெல்ஸ்பார், சல்லிசான சாமான். அதை அவகிட்டச் சொல்லலை. அதுக்கப்புறம் மனசு கேக்காமதான் கிட்டத்துல துழாவினேன், வெடிப்புகிட்ட இது ஆப்டுச்சு, சொல்லிட்டேன். ஏன் வெடிப்புகிட்ட? ஓரத்துலதானே இருக்கு, உள்ளே இல்லையே. ஓரம்னா ஓரம். உள்ளேன்னா வேற கதை, வெடிப்புக்குள்ள ஊர்ல இருக்கற குப்பையெல்லாம் போகும். என்கிட்ட வர்ற பசங்களுக்கு நானே இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருக்கு. ஓரம்தான். கல்லை வெட்டினவர்கிட்ட என்ன சொன்னேன், நம்பர் மேல மட்டும் பிளேடு படக் கூடாது, அது போனா உங்களை விட மாட்டேன், அதை ஒட்டி வெட்டுங்கன்னேன். அவ கையால அப்படி ஒரு நம்பர் இனிமே வராதே. போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்துச்சு. வலது கை போச்சு. வாய் கொஞ்ச நாள் கோணிக்கிட்டு இருந்துச்சு, இப்பத் தேவலாம், பேச்சு நிதானமா வருது. கை மட்டும் வரலை. பார்க்கப் போனப்ப தங்கச்சி எமிமா மாத்திரையை எடுத்து நீட்டறா, இவ அந்த வெள்ளை மாத்திரையை இடது கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுலயும் டைட்டானியம்தான், என்ன?"ங்கறா. ஆமாண்டி, மாத்திரைக்கு வெள்ளை அதுலதான், பேஸ்டுல அது, மூஞ்சில பூசற கிரீம்ல அது. ஊர்ல பளிச்சுனு வெள்ளையா எது இருந்தாலும் கொஞ்சம் அது இருக்கும். "அப்ப நான் தெனமும் எரிகல்லைத் தின்னுதேன்"னா. எமிமா முழிச்சா. நான் சிரிச்சேன், பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ஊர்ல எத்தனையோ பேர் கை சும்மா இருக்கு, இவ கைதான் கெடச்சுதா. ஊர்ல பளிச்சுனு வெள்ளையா எது இருந்தாலும்.

எது இருந்தாலும்.

இல்ல. யோசிக்காதே, இன்னும் முடியலை. ஆரஞ்சு விழ ஆரம்பிச்சுடுச்சு. கொத்துக் கொத்தா விழுது, அய்யோ, எவ்வளவு அழகா விழுது, பச்சையும் விழுது, ரெண்டும் ஒரே இடத்துலதான், பார்த்தியா, பியூலா, பார்த்தியாடி. ஒரே இடம்தான். நேத்தை விடப் பெருசா காட்டச் சொல்லியிருக்கேன், நேத்து ஒரே திட்டா இருந்தது இன்னிக்குத் தனித்தனியா தெரியும். தனித்தனியா. பச்சை ஒரு பக்கம் கட்டி கட்டியா இருக்கு, ஆரஞ்சு அதுக்கு நடுவுல பொடியா, மாவு மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணு விழலை. பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒரே கட்டடத்துல குடியிருக்காங்க, ஆனா ஒரே குடும்பம் இல்ல. பெரோவ்ஸ்கைட்னா ஒரே மணிக்குள்ள ரெண்டும் இருக்கணுமே. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்க்கிறேன். வெடிப்போட ஓரம் இல்ல, வெடிப்புக்குள்ளேதான். மேலேருந்து வழிஞ்சு இறங்கின மாதிரி, கல்லோட வெளிப்பக்கத்துலேருந்து உள்ளே. ஆரஞ்சு மணியெல்லாம் ஒரே சைஸு. எதுவும் பெருசு இல்ல, எதுவும் சிறுசு இல்ல. எந்தக் கல்லு இவ்வளவு ஒழுங்கா அரைக்கும். இது ஃபேக்டரியில அரைச்சது. பச்சை வெறும் சுண்ணாம்புத் தூளு, பெயிண்ட்டுல கனத்துக்குப் போடறது. சைதாப்பேட்டை ஹார்ட்வேர் கடையில நாங்க ரெண்டு பேரும் நின்னு வாங்கின வெள்ளைப் பெயிண்ட், சின்ன டப்பா, மிச்சத்தை அவ ஸ்டூலுக்கு அடிச்சா, காயறதுக்குள்ள நான் உட்கார்ந்து என் நீலப் புடவை பாழாச்சு. சண்டாளி. அடையாளத்துக்குன்னு பொட்டை அங்கேயா வைக்கணும், வெடிப்பு வாயில. நம்பரை ஒட்டி வெட்டுன்னு நானா சொல்லணும். பி.எச்.டி.யாம், ரெண்டு பி.எச்.டி. எனக்குக் கோவம் யார் மேலன்னு தெரியலை, சந்தானகோபாலன் சார் மேல வரலாம்னு பார்த்தா அவர் சொன்னதுதான் சரியாப் போச்சு, சாதாரணக் கல்லு. அதுதான் தாங்கலை. செத்தும் அந்த மனுஷன் ஜெயிச்சுட்டார்.

இப்ப அவகிட்ட என்ன சொல்றது. பொய் சொன்னா என்ன? மிஷின் ரிப்பேர், கரண்ட் போயிடுச்சு, அடுத்த மாசம் பார்க்கலாம். அடுத்த மாசம் நான் இங்கே இருக்க மாட்டேன், அவளுக்கும் தெரியும். இல்லேன்னா, ஆமா பியூலா, அதேதான், நீ சொன்னதுதான்னு சொல்லிட்டா? கட்டுரை எப்ப வரும்னு கேப்பா, வரும் வரும்னு தள்ளிக்கிட்டே போகலாம். சந்தோஷமா இருப்பா. எமிமாகிட்டச் சொல்லி சர்ச்சுல காணிக்கை போடச் சொல்லுவா. ஒரு உசுரு சந்தோஷமா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம். நான் சொன்னா நம்புவா, இத்தனை வருஷத்துல நான் அவகிட்ட ஒரு பொய் சொன்னதில்லை, அதனாலயே நம்புவா. அதனாலயேதான் வாய் வராது. போன் அடிக்குது. பாவி, இப்பவா அடிக்கணும். எடுக்காம விட்டா என்ன. எடுத்துட்டேன். எமிமா, "அக்கா காலையிலேருந்து ஒரே தொந்தரவு, இந்தாங்க பேசுங்க"ன்னு கொடுத்துட்டா.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"இல்ல."

"அப்போ கவுந்துட்டு"ங்கறா. "நல்லதா வந்திருந்தா நீ மொதல்ல கேன்டீனுக்குல்லா ஓடியிருப்ப."

"அப்படில்லாம் இல்ல பியூலா, இன்னும் கொஞ்சம் பார்க்கணும், டைட்டானியம் இருக்கு, கால்சியம் இருக்கு, ஆனா வந்து..."

"ரெண்டும் ஒட்டி இருக்கா, பிரிஞ்சு இருக்கா?"

"பிரிஞ்சு"ன்னேன். அது போதும் அவளுக்கு.

"டைட்டானியம் இருக்க எடத்துல அலுமினியம் வருதா? சிலிக்கான்? லேசா?"

அதை நான் பார்க்கவே இல்ல. பார்க்கப் பயந்துகிட்டு அந்த ரெண்டு படத்தையும் திறக்காம வச்சிருந்தேன். பெயிண்ட்டுக்குப் போடற டைட்டானியத் தூளுக்கு மேல அது ரெண்டும் மெல்லிசாப் பூசியிருப்பாங்க. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஆரஞ்சுப் புள்ளிக்கும் இருக்கு. "வருது"ன்னேன். "லேசா வருதுடி."

"எல்லாம் ஒரே சைஸா?"

"ஒரே சைஸு."

போச்சு, கொன்னுட்டேன், ஒரு பொய் சொல்லத் துப்பில்லாம கொன்னுட்டேன்னு நான் மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்புறம் ஏதோ விக்கல் மாதிரி கேக்குது, ஐயோ அழறாளே எமிமாவைக் கூப்பிடணுமேன்னு நெனைக்கறதுக்குள்ள அது பெருசாகுது. சிரிக்கறா. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, ஆனா அதே ஜீப்பு சிரிப்பு.

"ஏட்டி வசு," ங்கறா, வார்த்தை சிரிப்புல மாட்டிக்கிட்டு வருது, "நானூத்தம்பத்தாறு கோடி வருசம்னு சொல்லிட்டு... அது நாந்தான்ட்டி. என் கைதான்ட்டி அது."

சிரிக்கறேனா அழறேனான்னு தெரியாம கண்ணாடி மறைக்குது. உள்ளே போயிருக்கு அந்தக் கை. தெரியாத்தனமா, பிரஷ்ஷை லேசா ஊன்றி, யாருக்கும் தெரியாம கல்லுக்குள்ள இறங்கி, இத்தனை வருஷம் அங்கேயே உட்கார்ந்திருக்கு. நான் தேடிப் போய் எடுத்திருக்கேன். உலகத்துலயே பெரிய மிஷினை வச்சுத் தேடினாலும் இதை விட எனக்கு என்ன வேணும், சொல்லு.

"நம்பர் இருக்கா? அழிச்சுட்டீங்களா பாவிகளா?"

மிச்சக் கல்லு டப்பாவுல பக்கத்துலதான் இருக்கு. எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். "இருக்கு. ஏழு இன்னும் வாலை ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"இருக்கட்டும்"னா. "போய் சாப்பிடு மொதல்ல."

போனை வைக்கும்போது சுகந்தா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. திரையைப் பார்த்தா, குனிஞ்சு பார்த்தா, கெட்டிக்காரி, பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டா. "மேடம், இது பெயிண்ட் மாதிரியில்ல இருக்கு? அடடா. இன்னொரு தரம் தேய்ச்சு அந்த வெடிப்பைச் சுத்தம் பண்ணிக் குடுக்கட்டுமா?" பாவம், என் மூஞ்சியைப் பார்த்து ரொம்ப மெதுவா கேட்டா.

"அதைத் தொடாதே"ன்னேன். "அப்படியே இருக்கட்டும். ஏம்மா, அந்த வத்தக்குழம்பு மிச்சம் இருக்குமா?"